உடன்பிறந்தவளுக்காக வந்தவள்

எங்கள் பாலக்கோட்டுப் பக்கத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் ஓட்டுவார்கள். அப்படித்தான் புரூஸ் லீயின் ‘என்டர் தி டிராகன்’ (1973) பார்த்தேன். மறுநாள் பையன்கள் காற்றில் உதைத்துப் பழகினார்கள். எனக்குள் தங்கியது வேறொரு காட்சி. லீயின் சகோதரி, துரத்திவரும் ஆண்களை ஒவ்வொருவராக வீழ்த்துகிறாள். தப்ப வழியில்லாதபோது கண்ணாடிச் சில்லால் தன்னையே குத்திக்கொள்கிறாள். பழியை லீ தீர்க்கிறான். நம் படங்களிலும் தங்கை கிணற்றில் விழுவாள், அண்ணன் அரிவாள் எடுப்பான். சண்டை தெரிந்தவளுக்கும் அதே முடிவுதானா?

அந்த நடிகை ஏஞ்சலா மாவ். தைவானில் பிறந்து, பீக்கிங் ஓபரா பயின்றவர். முந்தைய ஆண்டு ஹுவாங் ஃபெங் இயக்கத்தில் வந்த ‘லேடி வேர்ல்விண்ட்’ படத்தில் அவர்தான் நாயகி. தன் சகோதரியின் தற்கொலைக்குக் காரணமானவனைத் தேடி வருகிறாள். இடையில் சூதாட்டக் கும்பலையும் அடித்து நொறுக்குகிறாள். கதையில் ஓட்டைகள் உண்டு. இன்று அதிகம் பேர் நினைவில் இல்லாத படம். ஆனாலும் அதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் நிஜமாகவே ஒருத்தி கிணற்றில் விழுந்தாள். எந்த அண்ணனும் அரிவாள் எடுக்கவில்லை. அவள் அக்காவை வாய் திறக்கவே விடவில்லை. இந்தப் படத்திலோ பெண்ணுக்காகப் பெண்ணே நியாயம் கேட்க வருகிறாள். அவனைக் கொல்வதா விடுவதா என்பதையும் அவளே முடிவு செய்கிறாள்.

வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “கடைசியில அவ சாகலையா மேடம்?”

“இல்லை” என்றேன்.