ஏலக்காய் ஊரில் ஒரு புல்

போடிநாயக்கனூரில் வாசனை என்றால் ஏலக்காய்தான். ஏல மையத்தின் பக்கம் நடந்தாலே மூக்கு சொல்லிவிடும். அந்த ஊரில் என் வீட்டுக் கொல்லையை ஆள்வது ஒரு புல்: எலுமிச்சைப்புல்.

வேலி ஓரமாக நீரூற்றுப்போல எழுந்து, நுனி வளைந்து, காற்றில் சரசரக்கும். ஓர் இலையைக் கசக்கினால் எலுமிச்சை தோற்கும். இது வெறும் பேச்சில்லை. அந்த மணத்துக்குக் காரணமான சிட்ரால், இந்தப் புல்லின் தைலத்தில் முக்கால் பங்கு. எலுமிச்சைத் தோல் எண்ணெயிலோ நூற்றுக்குச் சில பங்குதான். கேரளத்துப் புல்தைலம் ஒரு காலத்தில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே கடல் கடந்தது.

வளர்ப்பது எளிது. பழைய தூரைப் பிரித்து, வேரோடு இரண்டு மூன்று தட்டைகளை எடுத்து, மேல் இலையைக் கத்தரித்து நட்டால் போதும். நல்ல வெயில் வேண்டும். வேரில் நீர் தேங்கக் கூடாது. தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தளிர்க்கும். அறுக்கும்போது விரல் ஜாக்கிரதை. இலையின் ஓரம் அரம்போல இழுக்கும். நடு காய்ந்து தூர் கிழடு தட்டினால், தோண்டிப் பிரித்து நட வேண்டும்.

போடிமெட்டு மலையிலிருந்து மஞ்சு இறங்கும் மாலையில், கொதிக்கும் தேநீரில் இரண்டு இலையை முடிந்து போடுவேன். கூடவே தட்டிய மலை ஏலக்காய் ஒன்று. மலையும் கொல்லையும் ஒரே தம்ளரில்.