காதில் விழும் மழை

ஏற்காட்டு மழை கண்ணில் படுவதற்கு முன் காதில் விழும். கிளியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்து ஓரம் நின்றால், யாரோ சருகை வாரிக் கொட்டுவதுபோல ஒரு சலசலப்பு கேட்கும். எதிர்ச் சரிவில் சில்வர் ஓக் இலைகள்மேல் மழை இறங்கிவிட்டது. அது நம் தலைக்கு வருவதற்குள் மிளகுக்கொடி படர்ந்த மரத்தடிக்கு நிதானமாகவே நடந்துவிடலாம். மேகமெல்லாம் மழையல்ல. சேலத்துச் சமவெளியிலிருந்து வெள்ளையாய் ஏறிவந்து கம்பளியை ஈரமாக்கிவிட்டுப் போவது வெறும் மூட்டம். அடிவயிறு கறுத்து, அசையாமல் நிற்பதைத்தான் நம்பலாம்.

எனக்குப் பிடித்தது பங்குனி, சித்திரையில் பெய்யும் கோடை மழை. நன்றாக ஒருமுறை நனைத்தால் போதும். எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் கணுவுக்குக் கணு வெள்ளையாய்ப் பூத்து மல்லிகைபோல் மணக்கும். மழைமானி வைத்திருப்பவர்கள் காலையில் மில்லிமீட்டர் கணக்கை எழுதிக்கொள்ளட்டும். ஐப்பசியில் ஏற்காட்டு ஏரி வழிந்தால் சுமார் 300 அடி உயரக் கிளியூர் அருவியே கணக்கை இரைந்து சொல்லும். கோடையில் அதே பாறையில் ஒரு நூல்தான் இறங்கும். அதற்கும் சத்தம் உண்டு. கொஞ்சம் நின்று கேட்க வேண்டும்.