கக்கூஸ் சொன்னதும் ஆள் சொல்லாததும்

அரசாங்கப் படிவமும் ஒரு பிரதிதான். யார் எழுதியது, யாரைப் பேசவிடுகிறது, எங்கே வாயை மூடுகிறது என்று கேட்டுத்தான் அதையும் வாசிக்கணும். நாம் கவிதையை மட்டும் அப்படி வாசித்துப் பழகிவிட்டோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுக்காரர்களிடம் கக்கூஸ் பற்றிக் கேட்டார்கள். மனிதர் அள்ளும் கக்கூஸ் தமிழ்நாட்டில் 27,659 என்று பதிவானது. கையால் மலமள்ளுவதற்கு எதிரான புதிய சட்டம் 2013இல் வந்தது, ஆட்களைத் தேடினார்கள். 2021இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில் தமிழ்நாட்டில் அடையாளம் காணப்பட்டவர்கள் 398 பேர். நடுவில் பல கக்கூஸை இடித்திருப்பார்கள், சரி. அள்ளினவங்க எங்க போனாங்க?

நகரத்தில் இந்த வேலை செய்கிற எவரும் தானே முன்வந்து விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். பட்டியலில் ஏறினால் ரொக்கமாக 40,000 ரூபாய், பிள்ளைகளுக்குப் படிப்புதவி, மாற்றுத் தொழிலுக்குக் கடன். கேட்க நல்லாத்தான் இருக்கு. விண்ணப்பத்தை விசாரிப்பது யார்? நகராட்சி. இந்த வேலைக்கு ஆள் வைப்பது குற்றம் என்பதும் அதே சட்டம்தான். அவள் 'ஆமாம்' என்று எழுதினால் நகராட்சி தன்மேலேயே வழக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். கள்ளன் கையிலேயே களவுக் கணக்கு. போதாததுக்கு, முதல் பட்டியலை ஊரறிய வெளியிட்டு ஆட்சேபம் வேறு கேட்கணுமாம். இன்னொரு விளக்கமும் உண்டு: அரசு சொல்லும் கருவியும் காப்புடையும் கொடுத்துவிட்டால் அவர் மலமள்ளுபவரே இல்லை. ஒரு ஜோடி கையுறைக்குள் ஆள் காணாமல் போகிறார்.

ஒரு சின்ன நகரத்தில் படிவம் நிரப்பித் தரப் போயிருந்தேன். ஒரு அம்மா சொன்னார்: "தெருப் பெருக்குறதுன்னே எழுது தம்பி. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா நாளைக்கு வேல இல்ல. பொண்ணுக்கு வேற மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம்." "மறைக்கக் கூடாது சின்னம்மா" என்று மேடையில் பேசுவதுபோல் பேசினேன். "நீ எழுதிட்டுப் போயிருவ. நான்ல இங்க இருக்கணும்" என்றார். பெருக்குவது என்றே எழுதினேன். காணாமல் போனவர்களில் ஒருவர் என் கையெழுத்தில் போனார்.

'நான் இன்னார்' என்று நாம் இந்தப் பக்கங்களில் எழுதினால் வாசகர் கடிதம் வருகிறது. அவர் எழுதினால் வேலை போகிறது. தன்வரலாற்றைக் கொண்டாடுகிற நம் விமர்சனம் இந்த இடத்தைத் தொட்டதே இல்லை.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதே 2021இல், சாதி விவரம் தெரிந்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று அமைச்சரே சொல்ல நேர்ந்தது எண்ணியதால்தான். ஆனால் விண்ணப்பத்தை வாங்குவதும் விசாரிப்பதும் நகராட்சிக்கு வெளியே இருக்க வேண்டும். பேர் வெளியே வரக்கூடாது. தெருவாரியாகத் தொகை மட்டும் வரட்டும். எந்தத் தெருவில் இன்னும் கையால் அள்ளுகிறார்களோ அங்கே முதலில் பாதாளச் சாக்கடையும் இயந்திரமும் போகணும். அள்ளுகிறவர்கள் குடியிருக்கும் தெருவுக்கும்தான். நான் போனபோது அந்த அம்மாவின் தெருவில் கக்கூஸே இல்லை. விடியுமுன் முள்ளுக்காட்டுக்குப் போய்விட்டு வந்து வேலைக்குக் கிளம்பினார்கள்.