ஹைபிரிட் சைக்கிள்: ஒட்டுரகத்தின் குணமும் குறையும்

உழவர்களுக்கு ஹைபிரிட் என்றால் வீரிய ஒட்டு விதை. சைக்கிள் கடையில் அதற்குப் பொருள் வேறு. பந்தயச் சைக்கிளின் பெரிய சக்கரத்தையும் மலைச் சைக்கிளின் நேரான ஹாண்டில்பாரையும் ஒன்றாகச் சேர்த்த வண்டியை அங்கே அப்படி அழைக்கிறார்கள். "வேலைக்கும் போகலாம், உடற்பயிற்சியும் ஆகும்" என்று சொல்லி விற்கிறார்கள். ஒட்டுரகம் எதுவானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாய், தந்தை இருவரின் நல்ல குணங்களும் வந்திருக்கின்றனவா, அல்லது குறைகளும் கூடவே வந்துவிட்டனவா?

முதலில் நம் தேவையை அளந்து பார்ப்போம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. உங்கள் கல்லூரியோ அலுவலகமோ 5 கி.மீ. தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் மிதித்தால் போவதற்கு ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும், வருவதற்கும் அவ்வளவே. வாரம் ஐந்து நாள் போய்வந்தால் 165 நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து நாளும் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். மழை பெய்த நாளிலும், பை கனக்கும் நாளிலும் எடுக்க மனம் வர வேண்டும். ஒரு ஹைபிரிட் சைக்கிளை எடை போட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நேரான ஹாண்டில்பார்

இந்த வண்டியின் முதல் குணம் இதுதான். இதைப் பிடித்து ஓட்டுபவர் ஓரளவு நிமிர்ந்தே உட்காருகிறார். முன்னால் போகும் பஸ்ஸையும் பக்கவாட்டில் திரும்பும் ஆட்டோவையும் அவரால் நன்றாகப் பார்க்க முடியும். பிரேக் பிடியும் எப்போதும் விரலடியிலேயே இருக்கும்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்று தடுக்காதா? தடுக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் காற்றை விலக்க ஏறத்தாழ 40 வாட் திறன் போதும். வேகம் ஒன்றரை மடங்காகி 27 கி.மீ. ஆனால் 140 வாட் வரை தேவைப்படும். காற்றுக்காகச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதே காரணம். குனிந்து ஓட்டுவது பந்தய வீரருக்கு அவசியம். நெரிசலில் 18 கி.மீ. வேகத்தில் போகும் நமக்கு அதனால் கிடைக்கும் இலாபம் சிறிது.

குறையும் உண்டு. கையை வைக்க ஒரே இடம்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் உள்ளங்கையின் ஓரத்து நரம்பு அழுந்தி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகலாம். 17 நிமிடப் பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது.

இருபத்தொரு கியரா?

கடையில் முதலில் காதில் விழுவது கியரின் எண்ணிக்கை. முன்னால் 3 பற்சக்கரம், பின்னால் 7, பெருக்கினால் 21. முன்னால் 48, 38, 28 பற்கள்; பின்னால் 14 முதல் 28 பற்கள் வரை என்று கொள்வோம். முன் 48-ஐயும் பின் 24-ஐயும் சேர்த்தால், மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2 சுற்று சுற்றும். முன் 28, பின் 14 என்று சேர்த்தாலும் அதே 2 சுற்றுத்தான்! இப்படி ஒன்றையொன்று ஒத்தவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 13 கியரே மிஞ்சும். அவற்றிலும் சங்கிலி கோணலாக ஓடும் சேர்க்கைகளைத் தவிர்ப்பது நல்லது. மேம்பாலத்துக்கு மேல் மேடு காணாத ஊரில் முன்னால் ஒன்று, பின்னால் 7 அல்லது 8 என்றிருந்தால் தாராளம். பழுதாகும் பாகமும் குறையும்.

எடையைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறார்கள். 3 கிலோ குறைந்த வண்டிக்கு விலை வெகுவாக ஏறுகிறது. 6 மீட்டர் உயர மேம்பாலத்தில் அந்த 3 கிலோவை ஏற்ற ஆகும் ஆற்றல் சுமார் 176 ஜூல். சமதரையில் நீங்கள் மிதிக்கும்போது மூன்று வினாடிக்குள் செலவிடுவது அவ்வளவுதான். மாடிப்படியில் வண்டியைத் தூக்கிச் செல்பவர் மட்டும் எடையைப் பற்றிக் கவலைப்படட்டும்.

ஸ்பிரிங் வைத்த முன் போர்க், மலைச் சைக்கிள் வழியாக வந்த சீதனம். மலிவான வண்டிகளில் அது எடையைக் கூட்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது காலின் வலிமையில் ஒரு பங்கை அமுங்கி விழுங்கும். 35 முதல் 40 மி.மீ. அகலமுள்ள டயரில் அளவாகக் காற்றடித்தால் நம் சாலையின் குலுக்கலைப் பெரும்பாலும் அதுவே வாங்கிக்கொள்ளும். டன்லப் 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்தது இதற்காகத்தானே!

விட்டுப்போனவை

என் முக்கியக் குறை இனிமேல்தான் வருகிறது. நான் வாங்கிய ஹைபிரிட் வண்டி பார்வைக்கு அழகாகவே இருந்தது. முதல் மழைக்குப் பிறகு அலுவலகத்துக்குப் போனேன். சட்டையின் முதுகில் கழுத்து வரை ஒரு சேற்றுக் கோடு! மட்கார்டு இல்லை. காரியர் இல்லாததால் பை முதுகில் தொங்கியது; அதன் அடியில் வியர்வை. செயின் கவர் இல்லாததால் கால்சட்டை ஓரத்தில் கிரீஸ். அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே வண்டி வீட்டிலேயே நின்றது. நம் பழைய கறுப்புச் சைக்கிளில் மட்கார்டு, காரியர், செயின் கவர், ஸ்டாண்ட், மணி எல்லாம் இருந்தன. வேலைக்குப் போக என்று விற்கப்படும் வண்டியில் வேலைக்குப் போகத் தேவையானவை இல்லாதது வடிவமைப்பின் குறையே. மட்கார்டையும் காரியரையும் முடுக்கச் சட்டத்தில் திருகுத் துளைகள் வேண்டும். சில வண்டிகளில் அவையும் இல்லை. அத்தகைய வண்டியைத் தொடாதீர்கள்.

டயரையும் கவனியுங்கள். பழைய 28 அங்குலச் சைக்கிளின் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; ஹைபிரிட்டுக்கு 622 மி.மீ. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோன்ற வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கில் காற்றடித்துக்கொள்ளலாம்.

கடையில் வண்டியின் நடுக்கம்பிக்கு மேல் கால்களை அகட்டி நின்று பாருங்கள். இடையில் இரண்டு அங்குல இடைவெளியாவது வேண்டும். சீட்டில் அமர்ந்து, கீழே உள்ள மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சிறிது மடங்கும். சீட்டைத் தாழ்த்தி ஓட்டினால் முழங்கால் வலி வரும்.

முடிவாகச் சொன்னால், ஹைபிரிட் நல்ல ஒட்டுரகமே. உட்காரும் நிலையும் சக்கரமும் நமக்கு ஏற்றவை. ஸ்பிரிங் போர்க் இல்லாத, கியர் குறைந்த வண்டியை எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் மட்கார்டு, காரியர், விளக்கு, நல்ல பூட்டு ஆகியவற்றை அன்றே வாங்கிப் பூட்டிவிடுங்கள். மழைக்காலம் வருமுன் இதைச் செய்தவர் மழைக்காலத்திலும் சைக்கிளில் போவார்.