கண்ணாடிக்காரனின் களவு: சூப்பர் ஹீரோ காதலும் தொலைக்காட்சியும்

ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்த சூப்பர்மேன் 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அறிமுகமானான். அதே இதழில் லோயிஸ் லேனும் இருக்கிறாள். வீரன்மீது அவளுக்கு மயக்கம். கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரன் கிளார்க்மீது இளக்காரம். இருவரும் ஒருவனே என்பது வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காமிக்ஸில் யாருக்கும் வயதாவதில்லை என்பதால் பல பத்தாண்டுகள் இந்த முடிச்சு அவிழாமலே கிடந்தது. தொலைக்காட்சியில் அது நடக்காது. நடிகருக்கு வயதாகும், வாராவாரம் பார்ப்பவருக்குப் பொறுமையும் போகும்.

நம் அகமரபில் களவு என்பது காதலர் இருவரும் சேர்ந்து ஊருக்கு மறைப்பது. சூப்பர்மேன் கதையிலோ காதலன் காதலியிடமே மறைக்கிறான். மறைப்பவர் யார், யாரிடமிருந்து மறைக்கிறார் என்ற இந்த உறவைத் துணிந்து மாற்றிய தொடர்களே மனத்தில் நிற்கின்றன என்பது என் கணிப்பு.

ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த தொடர் (1952–58) குற்றவாளிகளைப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தது. காதலுக்கு அங்கே பெரிதாக இடமில்லை. திருப்பம் 1993இல் ஏபிசி ஒளிபரப்பிய ‘லோயிஸ் அண்டு கிளார்க்’. டெபோரா ஜாய் லெவைன் உருவாக்கிய இத்தொடரின் தலைப்பிலேயே லோயிஸ் முந்திக்கொண்டாள். டெரி ஹேட்சரும் டீன் கேனும் பத்திரிகை அலுவலகத்தில் நடத்திய வாய்ச்சண்டைதான் தொடரின் உயிர், பறப்பதெல்லாம் அப்புறம். இரண்டாம் சீசன் முடிவில் கிளார்க் திருமணத்துக்குக் கேட்கிறான். கேட்பது கிளார்க்கா, சூப்பர்மேனா என்று அவள் திருப்பிக் கேட்கும்போது ரகசியம் அவன் கையைவிட்டுப் போகிறது. அவன் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள். இனி இருவரும் சேர்ந்து உலகுக்கு மறைக்க வேண்டும். உண்மையான களவு இங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தொடருக்காகக் காமிக்ஸே காத்திருந்தது. அங்கே திட்டமிட்டிருந்த திருமணத்தைத் தள்ளிவைத்த எழுத்தாளர்கள், இடைவெளியை நிரப்ப 1992இல் சூப்பர்மேனைச் சாகடித்தார்கள். கடைசியில் 1996 அக்டோபரில் காமிக்ஸ், தொலைக்காட்சி இரண்டிலும் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே தொடர் ஒரு பொய்க் கல்யாணம் நடத்தி, மணப்பெண் தவளை தின்னும் நகல் என்று காட்டிப் பார்வையாளரைக் கடுப்பேற்றியிருந்தது. 1997இல் தொடர் நின்றது. கல்யாணம்தான் அதைக் கொன்றது என்பவர்கள் உண்டு. கல்யாணத்தை இழுத்தடித்த விதமே அதைப் பலவீனப்படுத்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்து சீசன் ஓடிய ‘ஸ்மால்வில்’ (2001–11) தொடரிலும் இதே இழுபறிதான். எரிகா டுரன்ஸின் லோயிஸ் வந்த பிறகே அதன் காதலுக்குக் காரம் ஏறியது.

சூப்பர்மேனை விட்டு வேறொரு சூப்பர் ஹீரோ காதலுக்கு வந்தால், ‘வாண்டாவிஷன்’ (2021) மறைப்பை உள்முகமாகத் திருப்பியது. காதலன் இறந்த துயரத்தைத் தாளாத வாண்டா, வெஸ்ட்வியூ என்ற ஊரையே தன் வசப்படுத்தி அவனோடு குடித்தனம் நடத்துகிறாள். தான் செய்ததைத் தன்னிடமிருந்தே மறைக்கிறாள். ஜாக் ஷேஃபர் உருவாக்கிய இத்தொடர் பழைய அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் வடிவத்தை வரிசையாக எடுத்தாள்கிறது. முதல் எபிசோட் கறுப்பு வெள்ளையில், பார்வையாளர்கள் முன்னிலையில் படமானது. இது வெறும் உத்தியல்ல. எந்தச் சிக்கலும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் உலகம் அது. துக்கப்படுபவள் வேறெங்கே ஒளிந்துகொள்வாள்? அவளுடைய இன்பத்துக்கு ஊர்மக்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் தொடர் மழுப்பவில்லை. ஒன்பதே எபிசோடுகளில் முடிந்ததும் அதன் பலம்.

‘சூப்பர்மேன் அண்டு லோயிஸ்’ (2021–24) களவுக்குப் பின் வரும் கற்பு என்று அகமரபு சொல்லும் மணவாழ்க்கையிலிருந்தே தொடங்குகிறது: கணவன், மனைவி, பதின்வயது மகன்கள் இருவர். மூன்றாம் சீசனில் லோயிஸுக்கு மார்பகப் புற்றுநோய். சுவரைத் துளைத்துப் பார்க்கும் கண்ணால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. டைலர் ஹோக்லினின் சூப்பர்மேன் சிகிச்சைக் காலம் முழுவதும் துணையிருக்கும் ஒரு கணவன் மட்டுமே. கடைசி சீசனில் அவன் தன் அடையாளத்தை ஊரறியச் சொல்கிறான். முடிவில் இருவரும் மூப்படைந்து இறப்பதையும் காட்டுகிறார்கள். மாதாமாதம் வந்தாக வேண்டிய காமிக்ஸ் தன் நாயகனுக்கு எளிதில் தரமுடியாத வாழ்வு இது.

இந்த வகைத் தொடர்களை எழுதுகிறவர்களுக்கு ரகசியம் வெளிப்படும் காட்சி எப்போதும் பயம் தருவது. அதோடு கதை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால், அதற்குப் பிந்தைய வாழ்வையும் எழுதத் தெரிந்தவர்களே இந்தக் காதலைப் பெரியவர்களுக்கான கதையாக ஆக்கியிருக்கிறார்கள்.