கொடையும் தேர்வும்: போல் ஆண்டர்சனின் 'முறிந்த வாள்' புதினத்தில் தீர்ஃபிங்

போல் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட 'முறிந்த வாள்' என்னும் ஆங்கிலப் புதினம், வைக்கிங் காலத்து இங்கிலாந்தைக் களமாகக் கொண்டது. அதன் மையமான தீர்ஃபிங் என்னும் வாள், ஐஸ்லாந்தியத் தொல்கதையான 'ஹெர்வோர் சாகா'விலிருந்து பெறப்பட்டது. உருவப்படும்போதெல்லாம் ஓர் உயிரைக் கொள்வது அதன் இயல்பு. சாகாவில் ஹெர்வோர், தந்தையின் புதைமேட்டில் எச்சரிக்கையைக் கேட்டபின்னும் அதனை விரும்பிப் பெறுகிறாள். புதினத்திலோ, ஸ்காஃப்லோக்கின் பெயர்சூட்டலின்போது தெய்வங்கள் அதனைக் கொடையாக அளிக்கின்றன. முறிந்த வாளை மீண்டும் உருவாக்கச் செய்வது அவனது முடிவே எனினும், அதுவும் தெய்வங்களின் திட்டத்துள் அடங்கிவிடுகிறது. இதனால் வாள், வீரனின் ஆற்றலாக அன்றி அவனை ஆளும் ஆற்றலாக நிற்கிறது. அவலம் மிகுகிறது, அறப்பொறுப்பு மங்குகிறது. அவ்வாளாலேயே அவன் மாய்வது, பிறர் வகுத்த முடிவாகவே வாசகருக்குப் புலப்படுகிறது.