டேலி ஆன வண்டி

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோடு பிரிகிற இடத்தில் ஓரமாக நின்று, எதிரே வருகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சில கார்களின் விளக்கு ரோட்டைப் பார்க்கும். சில கார்களின் விளக்கு நம் மூஞ்சியைப் பார்க்கும். இரண்டாவது ரகத்தைத் திட்டுவதற்கு முன்னால், அது கடந்து போனதும் திரும்பி அதன் பின்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். கடைசி வரிசையில் மூணு பேர், அவர்களுக்குப் பின்னால் சீர்வரிசைப் பாத்திரம், தலைக்கு மேல் கேரியரில் மூட்டை. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்தால் முன்னால் தூக்கும். பாவம், டிரைவர் ஹைபீம் போடவே இல்லை. வண்டி தானாகப் போட்டுக்கொண்டு வருகிறது.

இது சில்லறை சமாச்சாரம் இல்லை. இங்கிருந்து சேலம் போகிற சாலை நான்கு வழியான பிறகும், ஊர்களைச் சுற்றிப் போகிற புறவழிச் சாலைகள் வெகு காலம் இரண்டு வழியாகவே இருந்தன. நடுவில் தடுப்பு கிடையாது. எதிரில் வருகிறவனின் கண் கூசினால் அடுத்த இரண்டு விநாடி அவன் ஓட்டுவது ஞாபகத்தை வைத்துத்தான்.

உட்காரும் பின்பக்கத்துக்கு மேல்நாட்டில் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தானாக மட்டம் சரிசெய்துகொள்ளும் பின்பக்க ஷாக் அப்சார்பர். அங்கே எஸ்.யூ.வி. வாங்குகிற பலர் அதன் பின்னால் படகையோ, குதிரை வண்டியையோ, சக்கரம் வைத்த வீட்டையோ கட்டி இழுக்கிறார்கள். டிரெய்லரின் மூக்கு காரின் பின்கொக்கியில் வந்து உட்காரும்போது, நம் கல்யாண வண்டிக்கு நேர்கிற அதே கதி அந்த வண்டிக்கும் நேர்கிறது.

ஐடியா பழசு. சித்ரோன் கம்பெனி 1954-லேயே பின் சக்கரங்களுக்கு எண்ணெயும் வாயுவும் கலந்த சஸ்பென்ஷன் போட்டு மட்டத்தைச் சரி செய்தது; அடுத்த வருஷம் அதன் டி.எஸ். கார் நாலு சக்கரத்துக்கும் அதைக் கொண்டுவந்தது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரின் பின் அச்சில் போகே என்ற ஜெர்மன் கம்பெனியின் கருவி இருந்தது. அதே போகே வழியில் வந்து, இன்று இசட்.எஃப். கம்பெனி தயாரிக்கும் நிவோமேட் இந்தக் குடும்பத்தில் பிரபலமான பிள்ளை. வோல்வோவிலிருந்து அமெரிக்காவின் கியா டெல்லுரைட் வரை பலதில் போயிருக்கிறது.

நிவோமேட்டின் சாமர்த்தியத்தை மெச்சித்தான் ஆக வேண்டும். ஒயர் கிடையாது, மோட்டார் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. வண்டி ஓடும்போது பின் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறதல்லவா, அந்த ஆட்டமே பம்பு அடிக்கிறது. உள்ளே ஒரு அறையிலிருக்கும் எண்ணெயை இன்னொரு அறைக்குத் தள்ளுகிறது. அங்கேயுள்ள வாயு நெருக்கப்பட்டு அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏறப் பின்பக்கம் எழும்புகிறது. சரியான உயரம் வந்ததும் உள்ளே ஒரு வழி திறந்து எண்ணெய் திரும்பிவிடும், பம்பு ஓய்ந்தது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடினால் போதும், தொங்கிக்கொண்டு கிளம்பிய வண்டி நிமிர்ந்துவிடும். மேடு பள்ளத்தையே சம்பளமில்லா வேலைக்காரனாக வைத்துக்கொண்ட கருவி. நம் ரோடுகளுக்கென்றே செய்தது போல இருக்கிறது!

விளக்கு ரோட்டைப் பார்க்கிறது. பின்பக்கம் வேகத்தடையில் இடிப்பதில்லை. சந்தோஷம். அப்புறம் என்ன குறை?

பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம் உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் ஒரே தொகை காட்டும்; உள்ளே தப்பு சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். மட்டம் சரிசெய்யும் ஷாக் அப்சார்பர் வண்டியை டேலி பண்ணுகிறது. ஆனால் எடை எங்கே போச்சு?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். இன்னோவாவின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர். பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளிக் கொக்கி மாட்டி, அதன் மேல் டிரெய்லர் மூக்கு 100 கிலோ அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சில் 100 கிலோதான் கூடும் என்றால் தப்பு. கூடுவது 140. அந்த உபரி 40 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. நெம்புகோல் தத்துவம், அவ்வளவுதான். திருப்புகிற சக்கரமும், பிரேக் பிடிக்கையில் பெரும்பாரம் தாங்குகிற சக்கரமும் முன்னால்தான் இருக்கின்றன. அவற்றின் பிடியிலிருந்து 40 கிலோ கழன்றுவிட்டது.

இப்போது பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்கள். வண்டி பார்க்க ஜம்மென்று நிற்கும். அந்த 40 கிலோ முன்னால் திரும்பி வந்ததா? வரவில்லை. தொங்கியபோது எப்படியோ, நிமிர்ந்தபோதும் பெரும்பாலும் அப்படியே. டயரின் தாங்கும் சக்தியும் அச்சின் வரம்பும் ஒரு கிலோகூட உயரவில்லை. தோற்றம் திருந்தியது, பாரம் திருந்தவில்லை.

இந்த வித்தியாசம் நம்மூர் மாட்டு வண்டிக்காரருக்குத் தெரியும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். அதனால் மூட்டை அடுக்கும்போதே, "பின்பாரமா இருக்கு, ரெண்டு மூட்டைய முன்ன தள்ளு" என்பார். மேடு வந்தால் தானே முன்னால் நகர்ந்து உட்கார்வார். அவர் சரி செய்தது உயரத்தை இல்லை, பாரத்தை.

டிராக்டரும் அப்படித்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்களைப் பாருங்கள். பின்னால் டிரெய்லர் கனத்து, மேட்டில் முன் சக்கரம் தரையை விட்டு எழும்புகிற பயம் அதில் உண்டு. அதற்காகவே டிராக்டரின் முன்னால் இரும்பு எடைகளைத் தொங்கவிட வழி வைத்திருக்கிறார்கள். முன்னால் எடை குறைந்தால் முன்னால் எடை வை. நேர்மையான வைத்தியம். டிரெய்லர் இழுப்பதற்கும் இப்படி உண்டு: பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்குத் திருப்பியனுப்பும் ஸ்பிரிங் கம்பிகள் வைத்த கொக்கிகள். பார்க்க அழகாக இருக்காது. வேலையைச் செய்யும்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. தொங்குகிற பின்பக்கம் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிற பையன்கூட, "அண்ணே, பின்னாடி ரொம்ப உக்காந்துடுச்சே" என்று சொல்லிவிடுவான். மட்டம் சரியானால் அந்தப் பையனின் வாயும் அடைத்துவிடும். ஓவர்லோடு ஏற்றியவன் ஓவர்லோடு ஏற்றியதே தெரியாமல் நூறில் போவான்.

மூன்றாவது, செலவு. இந்த ஷாக் அப்சார்பர் பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமப்பதால், கூட வருகிற ஸ்பிரிங்கை மெத்தென்று வைத்திருப்பார்கள். சில வருஷம் கழித்து இது செத்துப்போனால் புதுசு சாதா ஷாக் அப்சார்பரைவிடப் பல மடங்கு விலை. காசு மிச்சம் என்று சாதாவைப் போட்டால், சுமக்க ஆளில்லாமல் ஸ்பிரிங் படுத்துவிடும். வண்டி முன்பைவிட மோசமாகத் தொங்கும். மாற்றினால் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நம்மூர் வைத்தியங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? சுமோ, குவாலிஸ், பொலேரோ காலத்தில் பின்னால் பட்டைதான். பாரம் தாங்கவில்லையா, "இன்னொரு பட்டை சொருகு". வெறும் வண்டியாக ஓட்டும்போது முதுகெலும்பு எண்ணப்படும். காயில் ஸ்பிரிங் வந்த பிறகு, சுருளுக்கு நடுவே ரப்பர் கட்டை திணிக்கிறார்கள். இவையும் தோற்றத்தைத்தான் திருத்துகின்றன. ஜெர்மன்காரன் நாசூக்காகச் செய்ததை நாம் முரட்டுத்தனமாகச் செய்கிறோம். வித்தியாசம் விலையில்.

ஆகவே இந்தக் கருவி வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. நல்ல கருவி, விளக்கைக் கீழே இறக்கும் ஒரு புண்ணியத்துக்காகவே வரவேற்கலாம். ஆனால் அதை 'இழுவைத் திறன்' என்ற தலைப்பின் கீழ் விளம்பரப்படுத்தினால் நம்பாதீர்கள். அது சொகுசு. பாரம் தனிக் கணக்கு.

அதுவரை, கையில் இருக்கிற வைத்தியம் இலவசம். பல கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு சின்னத் திருகு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து 0-விலேயே நிற்கும். ஆளும் சாமானும் ஏறினால் அதைத் திருப்பினால் விளக்கு தாழும். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முழு பாரத்துக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பும்போது கிரைண்டரைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் திணிக்காமல், நடு சீட்டின் காலடியில் அசையாமல் வையுங்கள். இடம் போதவில்லை என்று மாமா முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். கிரைண்டர் முன்னால் வந்த அளவுக்கு முன் சக்கரம் தரையில் இருக்கும்.